முப்பத்திநான்கு பிரதிகள்

அன்பான பெற்றாருக்கு,
என்று எழுதிவிட்டுப் பேனையை வைத்தேன்.
பாண்டியன்குளத்தில் கரண்ட் போய் அரை மணித்தியாலம்.
போனின் வெளிச்சத்தில் தாள் நீலமாய்க் கிடந்தது.

இரண்டாவது வரியில் அதைச் சொல்லவேண்டும்.
சொறி என்று எழுதினால்
ஒரு நாய் வந்து வாசலில் நிற்கிறது.
சிரங்கு என்றால்
சும்மா இராத கை என்று யாரோ பழிக்கிறார்கள்.
தொற்று என்றால்
கொரோனாக் காலத்தில் கேற்றில் ஒட்டின தாள்,
வேலிக்கு அப்பால் வைத்துவிட்டு ஓடிய சோற்றுப் பொதி.
பீ.எச்.ஐ. தந்த துண்டில் ஸ்கேபிஸ் என்றிருந்தது.
அந்தச் சொல் இன்னும் எவரையும் ஏசிப் பழகவில்லை.
அதையே எழுதினேன்.

அவர் வகுப்புக்குள் வந்து
கையை நீட்டுங்கோ பிள்ளையள் என்றபோது
பதினொரு பேர் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.
பிரம்புக்கு நீட்டிப் பழகின கைகள்
பார்ப்பதற்கு நீட்டக் கூசின.

முதலில் பதினொரு கடிதம்தான் அனுப்பினேன்,
பெயர் போட்டு.
ஒன்பது வீடு போய்ச் சேரவில்லை.
ஒன்று கப்பலாய் வாய்க்காலில்.
ஒன்று நிதுர்சனின் கொம்பாஸ் பெட்டிக்குள்
எட்டாய் மடிந்து, பாகைமானிக்குக் கீழே.

ஆகவே இது இரண்டாவது கடிதம்.
பெயர் இல்லை.
தரம் நான்கின் முப்பத்திநான்கு வீட்டுக்கும்.

வீட்டையும் பிள்ளையையும்
சுத்தமாக வைத்திருக்கவும் என்று
ஒரு வரி சேருங்கோ ரீச்சர், அதிபர் சொன்னார்.
சேர்த்தேன்.
பிறகு லக்சியாவின் சட்டை ஞாபகம் வந்தது.
எட்டு மணிக்கு ஆடைத்தொழிற்சாலை பஸ்ஸால் இறங்கி
அவளின் தாய் நீலம் போட்டு அலசுகிற வெள்ளை.
அந்த வெள்ளைக்குள்ளும் இருக்கிறது அது.
வரியை வெட்டினேன்.

மருந்தைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை,
விரலிடுக்கு, கமக்கட்டு, தொப்புள், ஒன்றையும் விடாமல்,
கடி இல்லாதவர்களும் சேர்த்து
வீட்டில் அனைவரும் ஒரே இரவில் பூசவும்.

அனைவரும் என்பதை இரண்டு தரம் கோடிட்டேன்.
முகாமில் எனக்குப் பன்னிரண்டு வயது.
ஒரு கூடாரம், ஏழு பேர், ஒரு போத்தல்.
அம்மா தனக்குப் பூசவில்லை, எங்களுக்குக் காணாதென்று.
இரண்டு கிழமையில் ஏழு பேருக்கும் திரும்பி வந்தது.
அதைத் தியாகம் என்று இப்போது சொல்கிறார்கள்.
நான் கணிதம் படிப்பிக்கிறவள்.
அது கணக்குப் பிழை.

பாய், துவாய், உடுப்பு எல்லாம் சுடுநீரில் தோய்த்து
வெயிலில் போடவும்.
இந்த இடத்தில் பேனை நின்றது.
ஐப்பசி பிறந்தும் மழை இல்லை.
தண்ணீர் பவுசர் செவ்வாயும் வெள்ளியும்தான்.
தண்ணீர் காணாவிட்டால் பையில் இறுக்கிக் கட்டி
நான்கு நாள் தொடாமல் வைக்கவும்.
நான்கு நாளைக்கு மாற்றுடுப்பு?
சீருடை இல்லாமல் வந்தாலும் நான் கேட்கமாட்டேன்
என்று எழுதினேன்.
அதற்கு அதிபரிடம் கேட்கவில்லை.

தவராசா கடையில் போட்டோக்கொப்பி,
வெள்ளிக்கிழமை தண்ணீர், மல்லாவி ஆசுப்பத்திரி மருந்து.
திங்கள் காலை கதவைத் திறந்தால்
வகுப்பு முழுக்க ஒரே மணம்.
எந்த வாங்கிலிருந்து வருகிறதென்று
மூக்காலும் பிரிக்க முடியாது.
என் கையிலும் அதுதான்.
ஒன்பது பேர் கலர்ச் சட்டையில்.

நிதுர்சன் கடிதத்தைத் திருப்பித் தந்தான்.
பின்பக்கத்தில் தகப்பனின் எழுத்து:
ரீச்சர், மனுசி குவைத்தில. நானும் இவனும்தான்.
முதுகுக்கு ஆளுக்காள் பூசினம்.
ஆனா ராத்திரியும் கடிச்சது. மருந்து பிழையோ?

பிழையில்லை.
பூச்சி செத்த பிறகும் தோல்
இரண்டு மூன்று கிழமைக்கு மறக்காது.
அதை எழுத விட்டுப்போனேன்.

அன்பான பெற்றாருக்கு,